ஊர்ப்பெயரும் பீர்ப்பெயரும்: ஐரோப்பிய பீர் ஆலைப் பயணங்களின் மொழி வரலாறு



ஒரு பண்டம் தான் பிறந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு உலகைச் சுற்றி வருவது மொழி வரலாற்றில் அடிக்கடி காணப்படும் நிகழ்ச்சியாகும். கோழிக்கோட்டுத் துறைமுகத்திலிருந்து சென்ற துணி ஆங்கிலத்தில் ‘காலிகோ’ ஆயிற்று. சீனத்தின் பெயர் நம் சமையலறையில் ‘சீனி’யாய் அமர்ந்திருக்கிறது. இத்தகைய சொற்களை நாம் ஒலிக்கும்போது ஊர் நம் நினைவுக்கு வருவதில்லை. பண்டம் மட்டுமே வருகிறது. ஊரைப் பண்டம் விழுங்கிவிட்டது எனலாம்.

இவ்வாறு பெயர் பயணம் செய்யும்போது ஊருக்கு நேர்வது என்ன என்பதே இவ்வுரையின் வினா. இதற்குச் சான்றாக ஐரோப்பாவின் வட்டார பீர் மரபுகளையும், அவற்றைத் தேடி ஆலை ஆலையாகச் சென்ற பயணிகளையும் எடுத்துக்கொள்கிறேன். மதுவைப் போற்றுவது என் நோக்கமன்று. தோட்டப்புற வாழ்வில் குடி விளைத்த துன்பத்தை இந்த அவை நன்கு அறியும். எனினும் வேளாண்மை, சட்டம், அறிவியல், வணிகம், வட்டார வழக்கு ஆகிய ஐந்தும் ஒரே சொல்லில் வந்து கூடும் இடம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை. ஆதலின் மொழி மாணவர்க்கு இது தக்க பாடமாகும்.

பெயர்களின் நிலப்படம்

ஐரோப்பிய மொழிகளில் இந்தப் பானத்திற்கு வழங்கும் பெயர்களை வகைப்படுத்தினால் நான்கு குடும்பங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆங்கிலத்தின் ‘பீர்’, செருமானியத்தின் ‘பியர்’, பிரெஞ்சின் ‘பியேர்’, இத்தாலியத்தின் ‘பிர்ரா’ ஆகியவை ஒரு குடும்பம். ஆங்கிலத்தின் ‘ஏல்’, சுவீடியத்தின் ‘ஓல்’, லிதுவேனியத்தின் ‘அலுஸ்’, பின்னியத்தின் ‘ஓலுத்’ ஆகியவை இரண்டாவது குடும்பம். ஸ்பானியத்தின் ‘செர்வேசா’, போர்த்துகீசியத்தின் ‘செர்வேஜா’ ஆகியவை பண்டைய கால் நாட்டு மக்களிடமிருந்து இலத்தீனுக்குச் சென்ற ‘செர்விசியா’ என்னும் சொல்லின் வழிவந்தவை. செக், போலியம், உருசியம் முதலிய சுலாவிய மொழிகளில் வழங்குவது ‘பிவோ’. அதன் வேர்ப்பொருள் ‘குடித்தல்’ என்பதே. வடமொழியின் ‘பான’ என்னும் சொல்லும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்ததாகும். நாம் கடன்பெற்று வழங்கும் ‘பானம்’ அதன் வழியே வந்தது. செக் நாட்டு மதுவகத்தில் ஒலிக்கும் சொல்லும் நம் கடைப்பலகையில் எழுதப்படும் ‘குளிர்பானம்’ என்னும் சொல்லும் இவ்வகையில் தூரத்து உறவினர்.

இக்குடும்பங்களின் எல்லைகள் நிலையாக நின்றவை அல்ல. பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘ஏல்’ என்பதும் ‘பீர்’ என்பதும் இருவேறு பானங்கள். முளைவிட்ட வாற்கோதுமையை ஊறவைத்து ஹாப்ஸ் பூ சேர்க்காமல் நொதிக்கவிட்டால் அது ஏல். நெதர்லாந்துப் பகுதியிலிருந்து வந்த ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அது பீர். ஹாப்ஸ் கசப்பைத் தந்ததோடு, பானம் கெடாமலும் காத்தது. ஏல் ஆங்கிலேயருக்கு இயல்பானது, பீர் டச்சுக்காரருக்கு உரியது என்று ஆன்ட்ரூ போர்டு என்னும் மருத்துவர் 1542இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். பிற்காலத்தில் ஏலிலும் ஹாப்ஸ் புகுந்தது, வேறுபாடு மங்கியது, இரு சொற்களும் எஞ்சின. பிரான்சிலோ பழைய ‘செர்வுவாஸ்’ என்னும் சொல் வழக்கிழந்து, ஹாப்ஸோடு வந்த ‘பியேர்’ அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு பூவின் வருகை ஒரு நாட்டில் ஒரு சொல்லின் பொருளை மாற்றியது. மற்றொரு நாட்டில் ஒரு சொல்லையே அகற்றியது.

சட்டம் படைத்த சொல்

1516ஆம் ஆண்டு பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் கோமகன் நான்காம் வில்லியம் ஓர் ஆணை பிறப்பித்தார். வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்று மட்டுமே பீரில் சேர்க்கப்பட வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. ஈஸ்ட் அதில் குறிப்பிடப்படவில்லை. நொதித்தலை நிகழ்த்துவது ஓர் உயிரி என்பதை அக்காலத்தார் அறிந்திலர்.

மொழிக்கு இதனினும் பெரிய விளைவைத் தந்தது 1553இல் வந்த மற்றொரு விதி. ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் தயாரித்தல் கூடாது என்று அது தடுத்தது. கோடை வெப்பத்தில் பானம் கெட்டுப்போவதே காரணம். எனவே குளிர்காலத்தில் தயாரித்ததைக் கோடை முழுவதும் குளிர்ந்த நிலவறைகளில் இருத்திவைக்க வேண்டியதாயிற்று. குளிரில் மெல்ல வேலை செய்து கலத்தின் அடியில் படியும் ஈஸ்ட் வகைக்கு அந்நிலவறைகள் வாய்ப்பாக அமைந்தன. இருத்திவைத்தலையும் சேமிப்பிடத்தையும் குறிக்கும் ‘லாகர்’ என்னும் செருமானியச் சொல்லே அப்பானத்தின் பெயராயிற்று. செக் மொழியினர் இதற்கு ‘லெஜாக்’ என்று பெயரிட்டனர். ‘கிடத்தல்’ என்னும் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குக் ‘கிடப்பது’ என்பது பொருள். சொல்லைக் கடன்பெறாமல் அதன் பொருளை மட்டும் கடன்பெற்றுத் தம் வேரில் புதுச்சொல் ஆக்கும் இம்முறையை மொழிபெயர்ப்புக் கடன் என்கிறோம். கலைச்சொல்லாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு அரிது.

முதற்பயணிகள்: தொழிலைச் சுமந்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஒவ்வொரு வட்டாரத்துப் பீரும் அவ்வட்டாரத்து நீர், தானியம், தட்பவெப்பம், ஈஸ்ட் ஆகியவற்றின் கூட்டு விளைவாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியவர்கள் பயணிகள்.

1833இல் மியூனிக் நகர ஸ்பாட்டன் ஆலையைச் சேர்ந்த கேப்ரியல் செட்ல்மையர் என்பாரும், வியன்னாவை அடுத்த ஷ்வெஹாட் ஊரின் அன்டன் டிரேஹர் என்பாரும் பிரிட்டனுக்குச் சென்று அங்குள்ள ஆலைகளைச் சுற்றிப் பார்த்தனர். அக்காலத்தில் தொழில்நுட்பத்தில் முன்னின்றது பிரிட்டன். உள்ளீடற்ற கைத்தடி ஒன்றைக் கொண்டு, ஆலையினர் அறியாமல் நொதிகலங்களிலிருந்து மாதிரிகளை எடுத்து, விடுதி அறையில் அவற்றை அளந்து பார்த்தனர் என்பது பீர் வரலாற்றில் பெரிதும் பேசப்படும் செய்தி. வெப்பமானியையும் சர்க்கரைச் செறிவை அளக்கும் கருவியையும் பயன்படுத்தும் முறையை அவர்கள் கற்றுத் திரும்பினர். 1841இல் டிரேஹர் வெளியிட்ட செம்பழுப்பு லாகர் வியன்னாவின் பெயரைப் பெற்றது.

அடுத்த ஆண்டு பொஹீமியாவின் பில்சன் நகரில் நிகழ்ந்தது இன்னும் பெரிய மாற்றம். அந்நகரில் 1838இல் கெட்டுப்போன பீர்ப் பீப்பாய்கள் நகர மன்றத்தின் முன் கொட்டிக் கவிழ்க்கப்பட்டன. நகரத்தார் ஒன்றுகூடித் தமக்கென ஓர் ஆலை கட்டினர். பவேரியாவின் யோசப் குரோல் என்னும் கைவினைஞரை அழைத்தனர். பவேரிய நிலவறை முறை, ஆங்கிலேயரிடமிருந்து கற்ற வெளிர்நிற மால்ட், பில்சன் நகரின் உப்புக் குறைந்த மென்னீர், அண்டைப் பகுதியான ஜாடெட்ஸின் நறுமண ஹாப்ஸ் ஆகிய நான்கும் கூடி, 1842 அக்டோபர் 5 அன்று பொன்னிறமான தெளிந்த பீர் ஒன்றுக்கு வழிவகுத்தன. ‘பில்ஸ்னர்’ என்றால் ‘பில்சன் ஊரது’ என்று பொருள். கோயம்புத்தூரார், யாழ்ப்பாணத்தார் என்பனபோல் ஊரோடு விகுதி சேர்ந்த பெயர் அது.

அப்பெயர் விரைவில் ஊரைவிட்டு ஓடியது. புகைவண்டியும் குளிர்சாதனமும் வந்தபின் எங்கும் வெளிர்நிற லாகர் தயாரிக்க முடிந்தது. எல்லாரும் அதைப் பில்ஸ்னர் என்றனர். அது ஒரு தயாரிப்பு வகையின் பெயர், பிறப்பிடத்தின் பெயரன்று என்று செருமானிய நீதிமன்றங்கள் கருதின. வேறு வழியின்றிப் பில்சன் ஆலை ‘மூலஊற்று’ என்னும் பொருள்தரும் ‘உர்குவெல்’ என்ற அடையைச் சேர்த்து, 1898இல் அதைத் தன் வணிகக்குறியாகப் பதிந்தது. தன் சொந்தப் பெயரையே தன்னுடையது என்று காட்ட ஓர் ஊர் அடைமொழி தேட நேர்ந்தது. செக் மொழியிலோ இன்றும் நிலைமை வேறு. அங்கே ‘பில்சன் பீர்’ என்றால் பில்சனிலிருந்து வந்தது மட்டுமே. பிற ஊரார் தம் பீரை ‘வெளிர் லெஜாக்’ என்றே அழைப்பர். தாய்மொழியில் ஊர் தன் உரிமையை இழக்கவில்லை, பிறமொழிகளிலேயே இழந்தது.

1845இல் டென்மார்க்கின் யாகொப் கிறிஸ்டியன் யாகொப்சன் மியூனிக் சென்று, செட்ல்மையரிடமிருந்து ஈஸ்டைப் பெற்று, தகரக் கலங்களில் இட்டுக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுவந்தார். குதிரைவண்டி நின்ற இடங்களிலெல்லாம் தண்ணீர் ஊற்றி அதைக் குளிர்வித்தார் என்பர். 1847இல் அவர் தொடங்கிய ஆலைக்குத் தம் மகன் கார்லின் பெயரோடு ‘குன்று’ என்னும் பொருள்தரும் ‘பெர்க்’ என்பதையும் சேர்த்துக் கார்ல்ஸ்பெர்க் என்று பெயரிட்டார். அவ்வாலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். ஆலை அதை மறைக்காமல் பிறருக்கும் வழங்கியது. ஈஸ்ட் ஊரைச் சார்ந்திருந்த காலம் அத்தோடு முடியத் தொடங்கியது. நீருக்கும் இதே கதிதான். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீருக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் பர்ட்டன் நகரைப்போல், பிற ஊர் நீரிலும் உப்புகளைச் சேர்த்துக்கொள்ளும் முறை வந்தது. அதற்கு ‘பர்ட்டனாக்கல்’ என்று பொருள்படும் வினைச்சொல்லே ஆங்கிலத்தில் பிறந்தது. ஊர் வினையாகிவிட்டால், அதை எங்கும் செய்யலாம் அன்றோ?

இவ்வழியின் நீட்சியே நம் நாடுகளையும் வந்தடைந்தது. 1931இல் பிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் டச்சு நிறுவனமான ஹைனெக்கனும் இணைந்து சிங்கப்பூரில் மலாயன் பிரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 1932இல் டைகர் என்னும் வெளிர்நிற லாகர் வெளிவந்தது. பின்னாளில் ஷா ஆலமில் கார்ல்ஸ்பெர்க் ஆலையும் எழுந்தது. குளிர்ந்த நிலவறை தேடிய ஒரு தொழில் நிலநடுக்கோட்டின் அருகே வந்து வேரூன்றியது.

பெயர்விட்டு அகலாத ஊர்கள்

எல்லா ஊர்களும் இவ்வாறு கரைந்துவிடவில்லை. ரைன் ஆற்றங்கரையில் சுமார் நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த கொலோன், டூசல்டார்ஃப் ஆகிய இரு நகரங்களை நோக்குக. கொலோனில் குடிப்பது ‘கோல்ஷ்’ என்னும் வெளிர்நிற பீர். டூசல்டார்ஃபில் குடிப்பது ‘பழைய’ என்று பொருள்படும் ‘ஆல்ட்’ என்னும் செம்பழுப்பு பீர். லாகர் பரவிய காலத்திலும் இரண்டுமே பழைய மேல்நொதிப்பு முறையைக் கைவிடவில்லை. இவ்விரு நகரங்களுக்கும் இடையேதான் செருமானிய வட்டார வழக்குகளைப் பிரிக்கும் புகழ்பெற்ற எல்லைக்கோடு ஆற்றைக் கடக்கிறது. டூசல்டார்ஃபின் தெற்கேயுள்ள பென்ராட் என்னும் இடத்தின் பெயரால் அது வழங்கும். ‘செய்தல்’ என்னும் வினை அதன் வடக்கே ‘மாக்கன்’ என்றும், தெற்கே ‘மாஹன்’ என்றும் ஒலிக்கும். ஒலியின் எல்லை பீரின் எல்லையை உண்டாக்கியது என்று கூறுவது பிழையாகும். ஆயினும் நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்னும் உணர்வு நாவில் இருவகையாகவும் வெளிப்படுவதை இங்கே காண்கிறோம்.

‘கோல்ஷ்’ என்பது கொலோன் நகர வட்டார வழக்கின் பெயரும் ஆகும். குடிக்கத்தக்க ஒரே மொழி எங்கள் மொழி என்று அவ்வூரார் நகைச்சுவையாகச் சொல்வர். 200 மில்லி கொள்ளும் ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் அது பரிமாறப்படும். பரிமாறுபவரை ‘கோபெஸ்’ என்பர். யாக்கோபு என்னும் பெயரின் வட்டார வடிவம் அது. குவளையின்மேல் அட்டையை வைத்து மூடும்வரை அவர் புதுக்குவளை கொண்டுவந்துகொண்டே இருப்பார். 1986இல் கொலோன் பகுதி ஆலைகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் கோல்ஷ் என்னும் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது. பில்சன் இழந்ததைக் கொலோன் காத்துக்கொண்டது. பெயரைப் பொருட்படுத்திய ஒரு சமூகம் உரிய நேரத்தில் ஒன்றுபட்டமையே இதன் காரணம்.

பாம்பெர்க் நகரில் பீச் மரத் தீயின் புகையில் வாற்கோதுமை முளையை உலர்த்துவர். அப்புகை பீரிலும் மணக்கும். அது பிராங்கோனியா வட்டாரம். நிலவறைக்குப் போவதை அங்கே ‘நிலவறைமேல் போதல்’ என்பர். பீர் சேமித்த நிலவறைகள் குன்றுகளில் குடையப்பட்டிருந்தன. மக்கள் அவற்றின் மேலே மரநிழலில் அமர்ந்தனர். செந்தர செருமானியம் அறிந்தவருக்கு வியப்பளிக்கும் அந்த வேற்றுமையுருபு, நிலத்தை அறிந்தவருக்குத் தெளிவாகிவிடும். இலக்கணத்தை நிலம் விளக்கும் இடங்கள் இவை.

பிரசெல்ஸ் நகரை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ‘லாம்பிக்’ தயாரிப்போர் ஈஸ்டைத் தனியே சேர்ப்பதில்லை. கொதித்த சாற்றை அகன்ற ஆழமற்ற தொட்டியில் ஊற்றி, இரவுக் காற்றில் ஆறவிடுவர். அவ்விடத்துக் காற்றிலும் மரப்பீப்பாய்களிலும் வாழும் நுண்ணுயிரிகள் நொதித்தலைத் தொடங்கும். குளிர்மாதங்களில் மட்டுமே இது இயலும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு முதிர்ந்தவற்றைக் கலந்து புட்டியில் அடைத்தால் ‘கெஸ்’ ஆகும். 1900இல் தொடங்கிய காந்தியோன் ஆலை இன்றும் இம்முறையைக் கைக்கொள்வதோடு, அருங்காட்சியகமாகவும் பயணிகளை வரவேற்கிறது. 2016இல் பெல்ஜிய பீர்ப் பண்பாடு யுனெஸ்கோவின் தொட்டறிய இயலாப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இரண்டாம் பயணிகள்: சொல்லைச் சுமந்தவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட்டார வகைகள் பல அருகின. பெல்ஜியத்தின் ஹூஹார்டன் ஊரில் கோதுமை வெண்பீர் தயாரித்த கடைசி ஆலை 1950களில் மூடப்பட்டது. இளமையில் அவ்வாலையில் உதவிசெய்த பியேர் செலிஸ் என்னும் பால் வணிகர், நினைவில் இருந்த முறையைக்கொண்டு 1960களின் நடுவில் அதை மீட்டெடுத்தார். ஒரு மனிதரின் நினைவு இல்லாதிருந்தால் அம்மரபு பெயரளவிலேயே எஞ்சியிருக்கும்.

அக்காலத்தில்தான் மற்றொரு வகைப் பயணி தோன்றினார். ஆங்கில இதழாளர் மைக்கேல் ஜாக்சன் ஆலைகளைத் தேடிச்சென்று, அவ்வூரார் தம் பானத்தை எப்பெயரால் அழைக்கின்றனர், எதனோடு உண்கின்றனர், எக்குவளையில் ஊற்றுகின்றனர் என்பவற்றைக் கேட்டு எழுதினார். 1977இல் வெளிவந்த அவரது உலக பீர் வழிகாட்டி நூல் பீர்களை வகை வகையாகப் பெயரிட்டு விளக்கியது. செட்ல்மையரின் கைத்தடி சாற்றை எடுத்துவந்தது. ஜாக்சனின் குறிப்பேடு சொல்லை எடுத்துவந்தது. முன்னது தொழிலை ஒருமைப்படுத்த உதவியது. பின்னது வேறுபாட்டைக் காணக் கற்பித்தது. பெயர் தெரிந்தபின் மக்கள் அப்பண்டத்தைத் தேடினர். தேடியதால் சில ஆலைகள் பிழைத்தன.

நார்வேயின் மேற்குப் பகுதி உழவர் வீடுகளில் ஈஸ்டை ‘க்வைக்’ என்பர். உயிரூட்டல், தீமூட்டல் என்னும் பொருளோடு உறவுடைய பழஞ்சொல் அது. மரவளையங்களில் உலர்த்தித் தலைமுறை தலைமுறையாகக் காத்த அந்த ஈஸ்ட், ஆலை ஈஸ்ட்களிலிருந்து வேறான ஒரு மரபணுக் குழுவென்று 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இன்று உலகெங்கும் ஆலைகளில் வழங்குவது செந்தர நார்வேயியச் சொல்லன்று. அந்த வட்டாரச் சொல்லே. பண்டமும் சொல்லும் ஒன்றையொன்று காத்தன.

நம்மை நோக்கி

தமிழுக்கும் இப்பொருளில் பழமை உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றி, இடித்த முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடும் முறையை விரித்துரைக்கிறது. தானியத்தின் முளையால் இனிமை பிறந்து, அவ்வினிமை நொதித்து மதுவாகும் இவ்வழி, ஐரோப்பிய ஆலைகளின் அடிப்படை வழியேயாகும். கள், நறவு, தேறல், பிழி, அரியல், தோப்பி, மட்டு எனச் சங்க நூல்களில் பல பெயர்கள் வழங்கின. இல்லத்தில் நெல்லால் ஆக்கிய கள்ளைத் தோப்பி என்றனர். இன்று இவற்றுள் ‘கள்’ ஒன்றே பேச்சில் உயிரோடிருக்கிறது. மற்றவற்றின் நுண்வேறுபாடுகளை உரைகாரர் துணையின்றி நாம் அறிவதற்கில்லை. அச்சொற்களுக்குரிய தொழில்கள் மறைந்தபோது பொருளின் கூர்மையும் மறைந்தது.

இந்நாட்டிலும் ஒரு சொற்றொகுதி அதே வழியில் சென்றுகொண்டிருக்கிறது. தோட்டங்களில் தென்னங்கள் இறக்கிய காலத்தில் பாளை சீவுதல், பாளையைக் கட்டுதல், கலயம் மாற்றுதல் முதலிய வழக்குகள் அன்றாடப் பேச்சில் இருந்தன. கள்ளுக்கடை தொழிலாளியின் கூலியைத் தின்றது என்பதும் உண்மை. அக்கடைகள் மூடப்பட வேண்டுமென்று குரலெழுப்பியோரின் அறமும் போற்றத்தக்கது. ஆனால் கடையை மூடுவது வேறு, மரமேறிய மனிதனின் சொல்லை மறப்பது வேறு. கடையை மூடினால் துன்பம் ஒன்று குறையும். சொல்லை மறந்தால் அத்துன்பத்தின் வரலாற்றையே எழுத இயலாது போகும்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் மாணவர்களின் பாட்டன் பாட்டிமாருள் தோட்டத்தில் பிறந்தவர்கள் இன்னும் இருக்கின்றனர். பால்மரம் சீவியவர், கள் இறக்கியவர், சமையற்கட்டில் நின்றவர் எவராயினும், அவர் தம் தொழிலில் வழங்கிய சொற்களை அவர் ஒலித்தவாறே எழுதிவரச் செய்யுங்கள். சொல், பொருள், சொன்னவரின் ஊர், அக்கருவி அல்லது வினையின் சிறு விளக்கம் ஆகிய நான்கு கூறுகள் ஒவ்வொரு பதிவிலும் இருந்தால் போதும். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் ஆளுக்குப் பத்துச் சொல் கொணர்ந்தால் முந்நூறு பதிவுகள் சேரும். எந்த அகராதிக் குழுவும் அலுவலகத்தில் அமர்ந்து அவற்றைப் பெற இயலாது. ஹூஹார்டனில் ஒருவர் நினைவு வைத்திருந்தமையால் ஒரு மரபு மீண்டது. நம் தோட்டங்களை நினைவில் வைத்திருப்போர் இன்னும் பலர் உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.